எடைக்குப் போட்ட பெயர்கள்

ராஜபாளையத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினை முடிந்தாயிற்று. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப் போகிறார்கள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்குகிறது. உள்ளே கரையான் தின்ற பத்திரம், நெளிந்த பித்தளைச் செம்பு, அழுக்குத் துணியில் முடிந்த ஒரு வட்டத் தகடு. தகட்டின் ஒரு பக்கம் ராஜா தலை. மறு பக்கம் குதிரை மேல் துணியில்லாமல் ஒருவன்.

"என்ன அப்பத்தா இது?"

"ஒங்க பூட்டன் பட்டாளத்துல வாங்குனதுய்யா. வெள்ளக்காரன் குடுத்தது."

"வெள்ளியா?"

"வெள்ளின்னுதான் சொல்லுவாக."

அவ்வளவுதான். மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு கடையில் தராசில் வைத்தால், "பழைய வெள்ளி தம்பி, கழிவு போக எடைக்குக் காசு தாரேன்" என்பார்கள். காசை எண்ணி வாங்கி, வரும் வழியில் கால் கிலோ பால்கோவா. பூட்டன் கதை முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை, பேரன் காலேஜில் அக்கவுண்டன்சி படிக்கிறவன். வவுச்சர் இல்லாமல் ஒரு என்ட்ரி கூடப் போடக் கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்!

இந்த வீடு கற்பனைதான். ஆனால் இப்படி எத்தனை வீடு என்று கேட்டால் எண்ணிச் சொல்ல ஆள் கிடையாது. எண்ண முடியாமல் போனதுதான் பிரச்சினையே.

அந்தத் தகட்டுக்குப் பெயர் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 1914-18 முதல் உலகப் போருக்காகக் கொடுத்தது. விட்டம் 36 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வெள்ளி. ராஜா தலையையும் குதிரைக்காரனையும் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதை அல்ல. விளிம்பை. நாணயத்தில் கீறல் கீறலாக இருக்குமே, அந்த இடத்தில் பொடி எழுத்தில் நான்கு விஷயம் அடித்திருக்கும். சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு. ஆங்கிலத்தில்தான் இருக்கும், எழுத்துக்கூட்டலும் கோணல்மாணலாக இருக்கும். ஆனாலும் அது ஒரு ஆளின் பெயர். இந்தப் பதிவின் வாதம் மொத்தமும் அந்த விளிம்பு பற்றித்தான்.

ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்கலாம். பெயர் வேறு எங்கும் எழுதி வைக்காமலா இருப்பார்கள்?

அதைத்தான் பார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. போர் முடிந்ததும் ஆள் அனுப்பிய கிராமங்கள் பலவற்றில் ஆங்கிலேய அரசு கல்வெட்டு வைத்தது. தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் இன்றைக்கும் அந்தக் கல் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கும்? இந்த ஊரிலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரை விட்டார்கள். முடிந்தது. எண்ணிக்கை மட்டும். ஆட்டு மந்தையைச் சந்தைக்கு ஓட்டிப் போனவன் கூட அதைவிட விவரமாகச் சொல்வான், செவலை எத்தனை, கருப்பு எத்தனை என்று.

சரி, ஊர்க் கல்லில்தான் இடம் பத்தாமல் போயிற்று. போர்க்களத்தில்? மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக், இந்தியச் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாகச் செத்த இடம். அங்கே கல்லறை இல்லாமல் போனவர்களுக்காக 1929-இல் பஸ்ரா நினைவுச் சின்னம் திறந்தார்கள். 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. பிரிட்டிஷ்காரன் சாதாரண சிப்பாயாக இருந்தாலும் பெயர் உண்டு. இந்தியனில் அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு? ரெஜிமெண்ட் பெயரும், இத்தனை பேர் என்ற எண்ணும். அவ்வளவே. இது யாரோ கிளப்பிவிட்ட புரளி அல்ல. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் விசாரணை அறிக்கை வெளியிட்டு, ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களை நினைவுகூர்வதில் பாரபட்சம் நடந்தது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

ஆக ஊர்க் கல்லில் எண். போர்க்களக் கல்லில் எண். உயிரோடு திரும்பி வந்து, பிறகு வயலிலோ மில்லிலோ வேலை பார்த்துச் செத்தவனுக்கு அந்த எண் கூடக் கிடையாது. அவன் பெயர் குடும்பத்தார் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே இடம், பல வீடுகளில், அந்த 36 மில்லிமீட்டர் தகட்டின் விளிம்புதான். அதைத்தான் உருக்குகிறார்கள்.

இதை எடுத்துச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

முதல் கட்சி: "அடிமைச் சின்னம் சார் அது. அதை வைத்துக்கொண்டு என்ன பெருமை? புலித்தேவன் நெல்கட்டும்செவலில் கோட்டை கட்டி கம்பெனிக்காரனை எதிர்த்த சீமை இது. இங்கே உட்கார்ந்து வெள்ளைக்காரன் மெடலுக்குப் பொட்டு வைத்துப் பூஜை பண்ணச் சொல்கிறீர்களா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்தவன் கதி என்ன என்பதற்கு இந்தச் சீமையே சாட்சி. புலித்தேவனை முறியடித்த யூசுப் கானைக் கம்பெனிதான் தன் சிப்பாய்ப் படைக்கெல்லாம் தலைவனாக்கியது. அதே கம்பெனிப் படைதான் 1764-இல் அவரை மதுரையில் தூக்கில் தொங்கவிடவும் துணை நின்றது. விசுவாசத்துக்குக் கிடைத்த சன்மானம்!

காந்தியும் தன் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தவர்தான். 1920 ஆகஸ்ட் 1 அன்று கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம், போயர் போர்ப் பதக்கம், ஜூலு போர்ப் பதக்கம் மூன்றையும் வைஸ்ராய்க்கே அனுப்பிவிட்டார். அவருக்கு முன்னாலேயே, 1918-இல், மதுரையில் பிறந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 'சர்' பட்டத்தைத் தூக்கி எறிந்தார். ராஜபாளையத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. சென்னை மாகாணத்துக்கு முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு எழுதிக் கொடுத்த ஊர் அது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தி பதக்கத்தை எடைக்குப் போடவில்லை. குப்பையில் வீசவும் இல்லை. ஏன் வேண்டாம் என்று காரணம் எழுதி, கடிதத்தோடு, கொடுத்தவனிடமே திருப்பி அனுப்பினார். திருப்பிக் கொடுப்பது எதிராளியிடம் கணக்குக் கேட்பது. உருக்குவது கணக்குப் புத்தகத்தையே அடுப்பில் போடுவது. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

அந்தப் போயர் போர்ப் பதக்கத்தின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 1899-1900-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பங்கு சென்னை மாகாணத்தார், தமிழரும் தெலுங்கரும். காயம்பட்டவனைத் தோளில் தூக்கி மைல் கணக்கில் நடந்தது அவர்கள். பதக்கம் கிடைத்தது படையின் தலைவர்களுக்கு. காந்தியிடம் திருப்பிக் கொடுக்க ஒரு பதக்கம் இருந்தது. தூக்கிச் சுமந்த கூலியிடம் திருப்பிக் கொடுக்கவும் எதுவுமில்லை, அதனால் அவன் பெயரும் இல்லை. பதக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

தவிர, வீட்டுப் பரணில் கிடக்கும் மெடலுக்குச் சொந்தக்காரன் வைஸ்ராயோடு கடிதப் போக்குவரத்து நடத்தியவன் இல்லை. மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவன். மழை பொய்த்தது, கடன் கழுத்தை நெரித்தது, ஆள் பிடிக்கிறவன் ஊருக்கு வந்தான். அவனை அடிமை என்று திட்டுவதற்கு முன்னால், அவன் பெயராவது தெரிந்துகொண்டு திட்டலாம் இல்லையா?

இரண்டாவது கட்சி இதற்கு நேர் எதிர். "எங்க பூட்டன் வெள்ளைக்காரனிடமே மெடல் வாங்கியவர், நாங்க வீரப் பரம்பரை" என்று கல்யாண ஃபிளெக்ஸில் மெடல் படம் போடுகிறவர்கள். இவர்களும் விளிம்பைப் படித்ததில்லை. எந்த மெடல் எதற்கு என்று கேட்டால் தெரியாது. எல்லா மெடலும் வீரத்துக்குத்தான் என்று நினைப்பு.

உண்மையில் பரணில் கிடைப்பதில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, போர்ப் பதக்கம். குறிப்பிட்ட போரில் இருந்தாய் என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. முன்வரிசையில் நின்றவனுக்கும் உண்டு, கோவேறு கழுதைக்குத் தண்ணீர் காட்டியவனுக்கும் உண்டு. இன்னொன்று, நெடுஞ்சேவை, நன்னடத்தைப் பதக்கம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இத்தனை வருஷம் வேலை பார்த்தாய், ஒழுங்காக நடந்துகொண்டாய். வீரம் என்ற வார்த்தையே அதில் இல்லை.

அந்த நன்னடத்தையிலும் நிறபேதம் பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்தப் பதக்கம் 1830-லேயே வந்துவிட்டது. 1870-க்குப் பிறகு வெள்ளைச் சிப்பாய் 18 வருஷம் ஒழுங்காக இருந்தால் போதும். இந்தியச் சிப்பாய்க்கென்று தனியாக ஒன்று 1888-இல் வந்தது. அவன் 20 வருஷம் ஒழுங்காக இருக்க வேண்டும். கறுப்புத் தோலுக்கு நன்னடத்தை இரண்டு வருஷம் கூடுதல்!

உலோகத்திலும் அதே கதை. 1903-04 திபெத் படையெடுப்புக்குக் கொடுத்த பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளி, சுமை தூக்கிப் பனியில் நடந்தவனுக்கு வெண்கலம். முதல் உலகப் போர்ப் பதக்கத்திலும் வெண்கலத்தில் சுமார் 1,10,000 அடித்தார்கள். வாங்கியவர்கள் சீன, மால்ட்டா, இந்தியத் தொழிலாளர் படைக்காரர்கள். குழி வெட்டியவன், மூட்டை தூக்கியவன், தண்டவாளம் போட்டவன். சாகும்போது குண்டு அவனை மட்டும் வெண்கல ஆள் என்று பார்த்து ஒதுங்கிப் போயிற்றா என்ன?

வீரத்துக்கான பெரிய பதக்கம் விக்டோரியா கிராஸ். 1856-இல் தொடங்கியது. இந்தியச் சிப்பாய்க்கு அதைக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது 1911-இல். இடைப்பட்ட 55 வருஷம் அவன் வீரத்துக்கு வேறு பட்டியல், வேறு பதக்கம். அதிலும் மெட்ராஸ்காரன் என்றால் இன்னும் இளப்பம். சென்னை ராணுவத்துக்கும் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கொள்கையைத் தீவிரமாகப் பரப்பியவர். 1920-களின் முடிவுக்குள் மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1941-இல் அதே மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். பந்தி நடக்கும்போது பின்னால் நில் என்றவன், பரிமாற ஆள் குறைந்ததும் வா தம்பி என்று கூப்பிட்ட கதை.

அந்தப் போரில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், 1944 பிப்ரவரி 24 அன்று, கண்ணிவெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்து உயிரை விட்டார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர். சண்டைக்கு லாயக்கில்லாத இனம் என்று எழுதி வைத்த அதே அரசு கொடுத்த பதக்கம்! இந்தப் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது முதல் கட்சிக்காரரிடம் திரும்பிப் போகலாம். இத்தனை பாரபட்சத்துக்கும் ஆதாரம் எங்கே இருக்கிறது? அந்தப் பதக்கங்களில்தான். வெள்ளியா வெண்கலமா, எந்தப் பதவி, எந்தப் படை. எல்லாம் வெள்ளைக்காரனே உலோகத்தில் அடித்துக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். அடிமைச் சின்னம் என்கிறவர்தான் அதை முதலில் பத்திரப்படுத்த வேண்டும். கேஸ் போடுகிறவன் எக்ஸிபிட்டை எடைக்குப் போடுவானா?

மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார். அவருக்குக் கட்சி கிடையாது. "செத்த பொருள் சார். பெட்டியில் கிடந்து என்ன பிரயோஜனம்? காசானால் நல்லது" என்பவர். இவருக்குக் கணக்கு பாஷையிலேயே பதில் சொல்லலாம்.

ஒரு பொருளுக்கு இரண்டு மதிப்பு உண்டு. உடைத்தால் என்ன கிடைக்கும் என்பது ஒன்று. உடைக்காமல் இருந்தால் என்ன என்பது இன்னொன்று. ஓடுகிற லாரியை இரும்பு விலைக்கு விற்கிறவனை ஊர் என்ன சொல்லும்? பெயர் அடித்த பதக்கத்தை வெள்ளி விலைக்குக் கொடுப்பது அதே வியாபாரம்தான். பதக்கம் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் விலை வைப்பது வெள்ளிக்கு இல்லை, விளிம்பில் இருக்கும் பெயருக்கும் படைக்கும். லண்டனில் இதற்கென்றே ஏலக் கம்பெனிகள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் தராசில் பூட்டன் முப்பது கிராம். வேறொரு இடத்தில் அவர் ஒரு ஆள்.

1979-80-இல் வெள்ளி விலை வானத்துக்கு ஏறியபோது, பிரிட்டனிலேயே போர்ப் பதக்கங்களைக் கூடை கூடையாக உருக்கினார்கள். இன்றைக்கு அங்கே பேரன்மார் தாத்தாவின் தொலைந்த மெடலைத் தேடி அலைகிறார்கள். 2025-இல் மறுபடி வெள்ளி விலை கிடுகிடுவென ஏறியது. அப்படி ஏறும்போதெல்லாம் பரண்கள் காலியாகும். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களும் பதக்கங்களும் செம்புக் கலவை, நிக்கல் கலவை. கடைக்காரர் உரசிப் பார்த்து "இது ஆகாது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மதிப்பில்லாத உலோகம் தப்பித்தது. வெள்ளி வாங்கியவன் பெயர் போயிற்று.

அப்படியானால் லண்டனுக்கே பார்சல் போட்டு நல்ல விலைக்கு விற்றுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972 என்று ஒன்று இருக்கிறது. வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளுக்கு நூறு வயது ஆகிவிட்டால் அது தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. 1914-18 போர்ப் பதக்கங்கள் இந்த நூறு வயதை இப்போதுதான் தாண்டியிருக்கின்றன. பூட்டன் சத்தமில்லாமல் தொல்பொருள் ஆகிவிட்டார், வீட்டில் யாருக்கும் தெரியாது!

சட்டத்தில் ஒரு விநோதம். வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஜெயில். ஆனால் பக்கத்துத் தெருவில் உருக்கினால் கேட்க நாதியில்லை. விக்கிரகம் காணாமல் போனால் தேட தனிப் போலீஸ் பிரிவு வைத்திருக்கும் மாநிலம் இது. நல்ல விஷயம்தான். ஆனால் காணாமல் போன பெயரைத் தேட?

மனசு வைத்தால் அரசாங்கத்துக்கு எதுவும் முடியும். பெரிய தலைவர் ஒருவர் வருகிறார் என்றால், வந்து போகும் நேரத்துக்கு மட்டும் அந்த ஊர் வானத்தையே வட்டம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். 2021 ட்ரோன் விதிகளில் அதற்குப் பெயர் தற்காலிகச் சிவப்பு மண்டலம். கல்யாண வீடியோக்காரர் ட்ரோனைத் தூக்கினால் போலீஸ் வந்து நிற்கும். வானத்தில் கோடு கிழிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு தாலுகாவில் எத்தனை வீட்டில் எத்தனை மெடல் என்று ஒரு நோட்டில் கோடு கிழிக்கத் தெரியாதா?

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை வேறு மாதிரிச் சொன்னால் இன்னும் சுருக்கென்று இருக்கும். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் அதன் பெயரைச் சொன்னார். நல்ல குட்டி வாங்கப் போனால் தாய் எது, தகப்பன் எது, பாட்டன் எது என்று கென்னல் கிளப் காகிதத்தோடு கேட்பார்கள். பிரிட்டனில் போரில் உதவிய நாய்க்கும் புறாவுக்கும் கொடுக்க 1943-இலேயே டிக்கின் பதக்கம் என்று ஒன்று ஏற்படுத்தி, வாங்கிய பிராணியின் பெயரையெல்லாம் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்கு மூன்று தலைமுறை தெரிகிறது. மெசபடோமியாவுக்குப் போய் வந்த பூட்டன் பெயர் என்னவென்று கேட்டால், வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

நடக்காத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஞ்சாபில் 1919-வாக்கில் ஊர் ஊராக, யார் போனான், எந்தப் படை என்று ஒரு பதிவேடு எழுதினார்கள். அது லாகூர் அருங்காட்சியகத்தில் 97 வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. பிரிட்டனில் குடியேறிய பஞ்சாபியர் அமைப்பு ஒன்றும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைக் கணினியில் ஏற்றின. 2021 நவம்பரில் வெளியானபோது சுமார் 3,20,000 பேரின் விவரம் வெளியே வந்தது. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருப்பவர்கள் தன் ஊரைத் தேடி, தன் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்தார்கள்.

இங்கே அப்படி ஒரு பதிவேடு பரணில் கிடந்து யாராவது எடுத்துத் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வீடு வீடாக எழுதத் தொடங்கலாம். வேலை பெரிதில்லை. ஒரு செல்போன், ஒரு நோட்டு. பதக்கத்தின் இரண்டு பக்கமும் ஒரு படம், விளிம்பைச் சுற்றி நான்கு படம். எண், பதவி, பெயர், படை என்று எழுதிக்கொள்வது. வீட்டுப் பெரியவர்களிடம் அவர் எந்தத் தெரு, எங்கே போனார், திரும்பி வந்து என்ன செய்தார் என்று கேட்டுக் கீழே நாலு வரி. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆகாது. என்.எஸ்.எஸ். கேம்ப் என்று வருஷா வருஷம் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற கல்லூரிகள், ஒரே ஒரு வருஷம் இதைச் செய்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு தாலுகாவும் முடிந்துவிடும். விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு நகல் கொடுத்து வைக்கலாம். மெடலை யாரும் பிடுங்கப் போவதில்லை. பெயரை மட்டும்தான் கேட்கிறார்கள்.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "பசிக்கிற வீட்டில் போய் வரலாறு பேசலாமா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு வெள்ளியை விற்காமல் என்ன செய்வான்?" விற்கட்டும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. பூட்டன் பட்டாளத்துக்குப் போனதே குடும்பத்தின் பசிக்குத்தான். அவர் மெடல் இன்னொரு முறை குடும்பத்துக்குச் சோறு போட்டால் அவர் சந்தோஷம்தான் படுவார். ஆனால் விற்பதற்கு முன்னால் அந்த அரை மணி நேரம். படம் எடுத்து, எழுதி வைத்துக்கொண்டு விற்கலாம். எடைக்கு இல்லாமல், தொல்பொருள் விற்க லைசென்ஸ் உள்ளவரிடம் விசாரித்து விற்கலாம். பசிக்கு வெள்ளி போகலாம். சோம்பேறித்தனத்துக்குப் பெயர் போகக் கூடாது.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம், 18-ஆவது பிரிவில், அரசு யாருக்கும் பட்டம் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறது. ராணுவச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் மட்டும் விலக்கு. ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் ஒழிந்தன. சிப்பாயின் பதக்கம் நின்றது. இன்றைய இந்திய ராணுவத்திலும் நெடுஞ்சேவைப் பதக்கங்கள் உண்டு. ஜமீனுக்குக் கொடுத்த அலங்காரமும் உழைத்தவனுக்குக் கொடுத்த சாட்சியும் ஒன்றில்லை என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அந்த ராஜபாளையத்து வீட்டுக்கே திரும்பிப் போகலாம். இன்னும் பஸ் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் தகட்டை ஜன்னல் பக்கம் கொண்டு போய், விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அப்பத்தா காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் "பட்டாளத்துத் தாத்தா" என்று மட்டுமே அவள் கேள்விப்பட்டிருந்த ஆளுக்கு, முதல் முறையாக ஒரு பெயர் வருகிறது.

அதற்குப் பிறகு தராசில் வைக்க மனசு வருகிறதா என்று பார்க்கட்டும்.

பி.கு.: மெடல் கிடைத்தால் பளபளப்பாக இருக்கட்டும் என்று பிராஸோ, சாம்பல், புளி எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்புக்கும் விளிம்பில் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். கறுத்துக் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும்.